துரோணருக்கு விருது, ஏகலைவனுக்குப் பள்ளி

கொல்லிமலை செங்கரையில் ஓர் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி இருக்கிறது. பழங்குடிப் பிள்ளைகளுக்காக ஒன்றிய அரசின் நிதியில் நடக்கும் பள்ளிகளுக்கு நாடு முழுக்க இதே பெயர்தான். 1997-98இல் தொடங்கிய திட்டம். அதே ஒன்றிய அரசு 1985 முதல் சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு விருது கொடுத்து வருகிறது. அதன் பெயர் துரோணாச்சாரியார் விருது. வீரர்களுக்கு 1961 முதல் அர்ஜுனா விருது.

கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவர் பெயரில் கோச்சுக்கு விருது. யாருக்காக அந்த விரல் போனதோ அவன் பெயரில் வீரர்களுக்கு விருது. விரலைக் கொடுத்தவன் பெயரில் மலைப் பிள்ளைகளுக்கு விடுதிச் சோறு. பெயர் வைத்த அதிகாரி யோசிக்காமல் வைத்துவிட்டார் என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் தோழர்களே, நல்ல கோச் என்றால் யார் என்று இந்த நாடு நினைப்பது முழுவதும் இந்த மூன்று பெயர்களில் இருக்கிறது.

கதையைக் கதையாகவே எடுத்துக்கொள்வோம். துரோணர் யார்? அஸ்தினாபுர அரண்மனை அமர்த்திய ஆள். அர்ஜுனனை மிஞ்சிய வில்லாளி இருக்க மாட்டான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். காட்டில் ஒரு நிஷாதப் பையன் மண்பொம்மையைக் குருவாக வைத்துக்கொண்டு அந்த வாக்கைப் பொய்யாக்கிவிட்டான். உடனே அவர் தன் அணியின் ஸ்டாரைக் காப்பாற்றினார். அவர் ஆசிரியரே இல்லை, ஒரு ஃப்ராஞ்சைஸ் அணியின் கோச்.

ஃப்ராஞ்சைஸ் கோச் மேல் நமக்குக் கோபம் இல்லை. புரோ கபடி 2014இல் வந்தது, தமிழ் தலைவாஸ் 2017இல் வந்தது. அங்கே வீரர்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். கோச்சிடம் வந்து நிற்பவன் வளர்ந்த ஆள். உடம்பு தயார், ஆட்டம் தயார், கையில் ஒப்பந்தம். எந்த ரெய்டரை எப்போது இறக்குவது, எந்த கார்னரை உட்கார வைப்பது என்பதுதான் அந்தக் கோச்சின் திறமை. கழித்துக் கட்டுவதும் அந்த வேலையில் சேர்த்தி. தோற்றால் அவரையும் கழித்துக் கட்டுவார்கள். கணக்கு நேர்.

பள்ளியிலும் கல்லூரியிலும் கோச்சின் வேலை வேறு. அங்கே வந்து நிற்பது பதினைந்து, பதினெட்டு வயசுப் பிள்ளை. காலையில் சாப்பிட்டதா என்பதே தெரியாது.

சாந்தி சௌந்திரராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, தலித் குடும்பம், அப்பா அம்மாவுக்குச் செங்கல் சூளை வேலை. ஓடக் கற்றுக்கொடுத்து முதல் ஷூ வாங்கிக் கொடுத்தவர் தாத்தா. அதன் பிறகு பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் அவரைக் கண்டு சேர்த்துக்கொண்டார். கட்டணத்தைப் பள்ளி ஏற்றது, சீருடை கொடுத்தது, மதியம் சூடான சோறு போட்டது. மூன்று வேளை சாப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அந்தச் சோறும் பயிற்சிதான். 2006 டோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய கால்கள் அந்தப் பள்ளியில் தேறியவை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அவர் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். திரும்பியதும் செய்த காரியம் என்ன? புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக்கொடுத்தார். 2009 வாக்கில் 68 மாணவர்கள். அவர்கள் சென்னை மாரத்தானில் இடம் பிடித்தார்கள். ஆனால் அவருக்குக் கிடைத்தது ஒப்பந்த வேலை. 2012இல் ஆசியப் பதக்கம் வென்ற ஒரு கோச் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு நின்றார். பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் முடித்து, 2016இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பணி வந்தது. பதக்கம் வரவே இல்லை.

இப்போது அந்த விருதின் விதியைப் பாருங்கள். சர்வதேசப் போட்டிகளில் பதக்கம் வாங்க வைத்தவரா என்பதே முதன்மை அளவுகோல். சோறு போட்டுச் சேர்த்துக்கொண்ட பள்ளி ஆசிரியர் இந்தக் கணக்கில் எங்கே வருவார்? சூளைக்குப் போகவிருந்த 68 பேரை மைதானத்துக்குக் கொண்டுவந்ததை எந்தப் படிவத்தில் எழுதுவது?

நம் கல்லூரிகளிலும் ஃப்ராஞ்சைஸ் மூளைதான் ஓடுகிறது. பல கல்லூரிகள் பிளஸ் டூ முடிக்கும் முன்பே தயாரான ஆட்டக்காரனைத் தேடிப் பிடிக்கின்றன. ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட், விடுதி, வாசலில் கோப்பையோடு பேனர். மூன்று வருஷம் ஆட்டம் ஆட்டம் என்று ஓடவிட்டு, கடைசியில் ஏழு அரியரோடு ஊருக்கு அனுப்புகிறார்கள். முழங்கால் போனால் இன்னும் சீக்கிரம். அந்தப் பையன் பெரும்பாலும் யார் வீட்டுப் பையன் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகியிருக்க வேண்டியவன்.

அமெரிக்காவின் லூசியானாவில் கறுப்பின மாணவர்களுக்கென்று எழுந்த கல்லூரி கிராம்ப்ளிங். அங்கே எடி ராபின்சன் 1941 முதல் 1997 வரை அமெரிக்கக் கால்பந்து கோச். 408 வெற்றிகள். 200க்கும் மேற்பட்ட மாணவர்கள் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். அந்த மனிதர் காலையில் விடுதிக்குப் போய் மணியடித்துப் பையன்களை எழுப்பி வகுப்புக்கு அனுப்பினார். மைதானத்துக்கு இல்லை, வகுப்புக்கு! அவரிடம் படித்த டக் வில்லியம்ஸ் 1988இல் சூப்பர் பவுல் வென்ற முதல் கறுப்பின குவார்ட்டர்பேக். அதே காலத்தில் தொழில்முறை லீக் எப்படி இருந்தது? 1920களில் ஃப்ரிட்ஸ் போலார்டு, அதற்குப் பிறகு 1989இல் ஆர்ட் ஷெல். நடுவில் ஒரு கறுப்பினத் தலைமைக் கோச் கூட இல்லை. ஓட, மோத, தாங்க கறுப்பு உடம்பு வேண்டும், உத்தரவு போடக் கூடாது. நமக்குப் பழக்கமான நியாயம்தானே?

கொல்லிமலைக்கு வருவோம். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி 17, 18இல் அரசு விழா, வில்வித்தைப் போட்டி, அமைச்சர் மாலை. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று துளைத்துப் போன கதை மேடையில் வருஷா வருஷம் ஓடுகிறது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் போட்டிக்கு எடுத்துப்போகும் நவீன வில்லின் விலை லட்சக் கணக்கில். விழா முடிந்து பஸ் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிய பிறகு, மலையாளிப் பழங்குடிப் பிள்ளையின் கையில் வில்லைக் கொடுத்து நாளைக்கும் வா என்று சொல்ல யார் அங்கே தங்குகிறார்?

மலையில் திறமை இல்லை என்று எவராவது சொன்னால் லிம்பா ராமைச் சொல்லுங்கள். ராஜஸ்தான் ஆதிவாசி, மூங்கில் வில்லில் பறவை அடித்துக்கொண்டிருந்த பையன். 1987இல் இந்திய விளையாட்டு ஆணையத்தின் ஆட்கள் அந்தப் பகுதிக்குத் தேடிப்போய்த் தேர்வு நடத்தினார்கள். 1988இல் அவர் சியோல் ஒலிம்பிக்கில் நின்றார். பிறகு இந்திய அணிக்கே கோச் ஆனார். ஒரு முறை தேடிப் போனதற்கே இவ்வளவு.

தேடிப் போவது இருக்கட்டும், பள்ளியில் பி.டி. சார் இருக்கிறாரா? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படியுங்கள். ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்கு ஆள், அதுவும் பகுதி நேரம். மலைக் கிராமத்தில் எத்தனை நடுநிலைப் பள்ளி நூறைத் தாண்டும்? தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதி நேர ஆசிரியர்களைப் போட்டார்கள், உடற்கல்வி, ஓவியம், தையல் எல்லாம் சேர்த்து. வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் ஐந்தாயிரம் ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்காராத வருஷம் குறைவு. ஒரு பிள்ளை சாப்பிட்டதா, ஏன் இரண்டு நாளாக வரவில்லை, வீட்டில் என்ன பிரச்சினை என்று பார்ப்பதுதான் பள்ளிக் கோச்சின் முதல் வேலை. அதை மூன்று அரை நாளில் யாரால் செய்ய முடியும்?

தகுதி, தகுதி என்று வருவார்கள். பயிற்சியாளர் பணியில் எதற்கு இட ஒதுக்கீடு, திறமைக்குச் சாதி உண்டா என்பார்கள். பசித்த பிள்ளையைப் பார்த்ததும் கண்டுகொள்வதும் திறமைதான் என்று சொல்லுங்கள். அது பசித்து வளர்ந்தவருக்குச் சீக்கிரம் வரும்.

விருதின் பெயரை மாற்றச் சொல்லி நாம் கேட்கத்தான் வேண்டும். அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. நாமக்கல், ராசிபுரம், சேலம் கல்லூரிகளில் படிக்கும் தோழர்கள் இந்த வாரமே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பழங்குடியினர் நலத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். கொல்லிமலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் எத்தனை, அதில் நிரம்பியவை எத்தனை, கடந்த ஐந்து வருஷத்தில் விளையாட்டுப் பொருளுக்குச் செலவானது எவ்வளவு என்று பள்ளிவாரியாகக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு போடுங்கள். வந்த பதிலை நமக்கும் அனுப்புங்கள், பள்ளிப் பெயரோடு இங்கேயே போடுவோம்.