முதலில் தண்ணீர், பிறகு கயிறு

என் சித்தி மகன் பெருமாட்டியில் மாடு வளர்க்கிறான். பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாக எல்லையைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். பெயர்ப் பலகைகள் மலையாளத்தில் இருக்கும். டீக்கடைப் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். போன மாதம் அங்கிருந்து போன் செய்தான். "அண்ணா, நீங்க தமிழ் எம்.ஏ.தானே? மொழிபெயர்ப்புதானே தொழில்? எனக்கு ஒரு புஸ்தகத்தைத் தமிழ்ல ஆக்கித் தரணும்."

நாவலாக இருக்கும் என்று நம்பிப் போனேன். பெட்ரோலில் ஓடும் பிரஷர் வாஷரின் கையேடு அது. தொழுவம் கழுவ வாங்கிய எந்திரம். கரண்ட் எட்டாத மூலைக்கும் தூக்கிப் போகலாம் என்று பெட்ரோல் எந்திரமாக வாங்கியிருக்கிறான். மழைக்காலம் முழுவதும் சாக்கு போர்த்திக் கிடந்தது. வெயில் வந்ததும் கயிற்றை இழுத்தான், அசையவில்லை. இருபது தடவை இழுத்த பிறகுதான் அவனுக்குக் கையேட்டின் நினைவு வந்திருக்கிறது.

கையேட்டுத் தமிழில் முதல் பக்கத்திலேயே திணறினேன். 'அழுத்த விடுவிப்பு ஓரதர்' என்று எழுதிவிட்டு நானே சிரித்தேன். வண்டித்தாவளம் பக்கத்திலிருந்து மெக்கானிக் வந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. பத்து நிமிடத்தில் அவர் கார்புரேட்டரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பிசின் போல மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. "சார், உள்ளே நின்ன பெட்ரோல் இது. பழைய கஞ்சி மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

பெட்ரோல் கெடுமா என்று கேட்பவர்களுக்கு: கெடும். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2023இல் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்து, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. தினமும் ஓடும் வண்டியில் இது பெரிய விஷயமில்லை. மாதக்கணக்கில் சும்மா நிற்கும் சிறு எந்திரத்தில் உலோகம் துருப்பிடிக்கும், ரப்பர் கெடும், ஊசித்துளை போன்ற ஜெட் அடைத்துக்கொள்ளும். பல சிறு எந்திரங்களின் கையேடுகள் 10 சதவீத எத்தனாலுக்கு மேல் வேண்டாம் என்றே சொல்கின்றன. இங்கே பங்கில் கிடைப்பதைத்தானே ஊற்ற முடியும்? ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் எந்திரத்தை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, எந்திரம் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்குருவைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள்.

மற்றவை எளிய கணக்கு. ஒவ்வொரு முறையும் சமதரையில் நிறுத்தி எஞ்சின் ஆயில் அளவு பார்க்க வேண்டும். புது எந்திரத்துக்கு முதல் ஆயில் மாற்றம் சீக்கிரமே வரும். சிலவற்றுக்கு 5 மணி நேரத்தில், சிலவற்றுக்கு 20 மணி நேரத்தில். பிறகு 50 அல்லது 100 மணிக்கு ஒருமுறை. ஏர் ஃபில்டரை 50 மணிக்கு ஒருமுறை சுத்தம் செய்யலாம். வைக்கோல் தூசி பறக்கும் தொழுவத்தில் இன்னும் முன்பே. பம்புக்குத் தனி ஆயில் உள்ள மாடல் என்றால் அதன் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே வருகிறது என்று பொருள்.

கார்புரேட்டரைக் கழுவி மாட்டியதும் எஞ்சின் ஓடியது. ஆனால் தண்ணீர் பீய்ச்சவில்லை, சொட்டியது. மெக்கானிக் என் தம்பியைப் பார்த்தார். "தண்ணி இல்லாம ஓட்டுனீங்களா?" அவன் தலையைச் சொறிந்தான். தொட்டி காலியானது தெரியாமல் ஒருநாள் ஓட்டியிருக்கிறான். இந்தப் பம்புக்குக் குளிர்ச்சி தருவதே உள்ளே ஓடும் தண்ணீர்தான். அது இல்லாமல் போனால் சில நிமிடங்களில் சீல் கருகும். எஞ்சின் ஓடும்போது விசையை விட்டுவிட்டு மாட்டைப் பிடிக்க ஓடினாலும் இதே கதை. அதே தண்ணீர் பம்புக்குள் சுற்றிச் சுற்றிச் சூடாகும். இரண்டு நிமிடத்துக்கு மேல் அப்படி விடக் கூடாது.

நாஸிலில் வெள்ளையாகப் படிந்திருந்ததையும் மெக்கானிக் சுரண்டிக் காட்டினார். உப்புத் தண்ணீரின் கால்சியம். "இந்த ஊர்த் தண்ணி எப்படின்னு புக்கு எழுதினவனுக்குத் தெரியுமா சார்?" என்றார்.

பெருமாட்டிக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. இந்தப் பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. 2000இல் கொக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியபின் கிணறுகள் இறங்கின, தண்ணீர் கடுத்தது, சோறு வேகவில்லை என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது. மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் அதன் முகமானார். 2003இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காப்பாளர் மட்டுமே என்று அதே ஆண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு நாளுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. 2004 மார்ச்சில் நின்ற ஆலையை மீண்டும் திறக்கும் எண்ணமில்லை என்று 2017இல் நிறுவனமே உச்ச நீதிமன்றத்தில் கூறியது.

தம்பியின் எந்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டர் குடிக்கும். இரவு பகல் நிறுத்தாமல் 35 நாள் ஓட்டினால்தான் 5 லட்சம் லிட்டர் ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நம்ம மிஷின் பாவம் அண்ணா" என்றான். பாவம்தான். ஆனால் அரை மணி கழுவினால் 300 லிட்டர். சாணத்தை முதலில் மண்வெட்டியால் வழித்துவிட்டுக் கழுவினால் பாதி நேரம் போதும்.

மொழிபெயர்ப்பை முடித்துக் கொடுத்தேன். 'ஓரதர்' போய் 'வால்வு' வந்தது. கையேட்டில் இல்லாத வரிகளையும் சேர்த்தேன். வேலை முடிந்ததும் எஞ்சினை அணை, விசையை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்று. தண்ணீர் நுழையும் இடத்து வலையை வாரம் ஒருமுறை கழுவு. நாஸிலை அவ்வப்போது வினிகரில் ஊறப் போடு. மூடிய தொழுவத்துக்குள் எஞ்சினை ஓட்டாதே. புகை ஆளையும் மாட்டையும் கொல்லும். பீய்ச்சலை யார் மேலும் திருப்பாதே. தோலைத் துளைத்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

தம்பி எல்லாவற்றையும் படித்தான். புது சீல் போட்ட பம்பைத் தொழுவத்துக்குக் கொண்டுபோனான். குழாயைத் திறந்து, விசையை அழுத்திப் பிடித்து, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் ஒரே சீராக வரும்வரை காத்திருந்தான். அதற்குப் பிறகுதான் கயிற்றில் கை வைத்தான். என் தமிழில் அவனுக்குப் பிடித்த ஒரே வரியைச் சாக்பீஸால் சுவரில் எழுதியும் வைத்திருக்கிறான்: முதலில் தண்ணீர், பிறகு கயிறு.