நீக்கப்பட்ட பக்கங்களும் அவற்றை நிரப்பும் திரைகளும்

கழக்கூட்டம் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க். ஆனால் திருவனந்தபுரத்தின் வடக்கு விளிம்பில் உள்ள இந்த ஊருக்கு அதைவிடப் பழைய வரலாறு ஒன்று உண்டு. வேணாட்டில் அரசருக்கு இணையான செல்வாக்குடன் விளங்கிய எட்டு வீட்டில் பிள்ளைமார் என்ற நிலப்பிரபுக்களில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. 1729 முதல் 1758 வரை ஆட்சி செய்த மார்த்தாண்ட வர்மா, அந்த எட்டு வீடுகளின் அதிகாரத்தை ஒழித்துத்தான் திருவிதாங்கூர் என்ற மையப்படுத்தப்பட்ட அரசைக் கட்டினார். பிள்ளைமாரின் வீடுகள் இடிக்கப்பட்டு, அவை நின்ற இடங்களில் குளம் தோண்டப்பட்டது என்பது மரபுவழிச் செய்தி. வென்றவர்களின் பத்மநாபபுரம் அரண்மனை குமரி மாவட்டத்தில் இன்றும் நிற்கிறது. தோற்றவர்களின் கதையோ வென்றவர்கள் சொன்னபடிதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

சி.வி.ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் மலையாள இலக்கியத்தில் முன்னோடியான படைப்பு. அதில் இளவரசர் நாயகர், பிள்ளைமார் சதிகாரர்கள். அது நாவலாசிரியரின் உரிமை. வரலாற்று மாணவரோ வேறு கேள்விகளைக் கேட்பார். நிலப்பிரபுக்களுக்கும் மன்னருக்கும் இடையே நடந்த மோதலின் பொருளாதார அடிப்படை என்ன? மருமக்கள்தாய முறையில் அரியணை உரிமை யாருக்கு? இரு தரப்புக்கும் வரி செலுத்திய உழவர் இந்தக் கதையில் எங்கே? இந்தக் கேள்விகளைக் கேட்கக் கற்றுத் தரும் இடம் ஒன்றுதான்: வகுப்பறை. கதை சொல்பவருக்குச் சார்பு இருக்கலாம். கேட்பவருக்குக் கேள்வி கேட்கும் ஆற்றல் இருக்கும்வரை அந்தச் சார்பு ஆபத்தாவதில்லை. இன்று திட்டமிட்டுப் பறிக்கப்படுவது அந்த ஆற்றல்தான்.

சின்னத்திரையில் வரலாறு

நம் நாட்டில் வரலாறு வீட்டுக்குள் வந்தது தூர்தர்ஷன் வழியாக. 1988 ஜனவரியில் ஒளிபரப்பான ‘தமஸ்’, பிரிவினைக் காலக் கலவரங்களுக்குப் பின்னால் இருந்த கைகளைக் காட்டியது. அதைத் தடை செய்யக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டில் தொடங்கிய ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’, நேருவின் நூலை ஆதாரமாகக் கொண்டு 53 பகுதிகளில் இந்திய வரலாற்றைச் சொன்னது. 1990-இல் திப்பு சுல்தானைப் பற்றிய தொடர் வந்தபோது, மலபார்ப் படையெடுப்பை முன்வைத்துக் கேரளத்திலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் அது நாவலைத் தழுவிய புனைவு என்ற அறிவிப்புடன் ஒளிபரப்பாயிற்று.

இத்தொடர்களுக்கும் சார்பு இருந்தது. நேருவின் பார்வையும் ஒரு பார்வையே. ஆனால் அன்று தொடரைப் பார்த்த மாணவர் மறுநாள் பள்ளிக்குச் சென்றால், அங்கே மொகலாயர் குறித்தும் மராத்தியர் குறித்தும் சான்றுகளோடு பேசும் பாடநூல் இருந்தது. திரை சொன்னதைப் பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

2022 ஆகஸ்டில் தூர்தர்ஷன் ‘ஸ்வராஜ்’ என்ற 75 பகுதித் தொடரைத் தொடங்கியது. ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா அதைத் தொடங்கி வைத்தார். வாஸ்கோ ட காமாவின் வருகையிலிருந்து தொடங்கும் அத்தொடர் ராணி அப்பக்கா, சித்து – கானு முர்மு போன்றோரைப் பேசுகிறது. மறக்கப்பட்ட போராளிகளை நினைவூட்டுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னர், விடுதலையின் 75-ஆம் ஆண்டுக்கென இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட சுவரொட்டியில் நேருவின் படம் இல்லை. அதே 2021 ஆகஸ்டில், அக்கவுன்சிலின் மூவர் குழு, விடுதலைப் போராட்டத் தியாகிகள் அகராதியிலிருந்து வாரியன்குன்னத்து குஞ்ஞகமது ஹாஜி, அலி முஸ்லியார் உள்ளிட்ட 387 மலபார்ப் போராளிகளின் பெயர்களை நீக்கப் பரிந்துரைத்தது. ஒரு கை சேர்க்கிறது. மறு கை அழிக்கிறது. யாரைச் சேர்ப்பது, யாரை அழிப்பது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

2024 ஏப்ரல் 5 அன்று, கேரளம் மக்களவைத் தேர்தலுக்கு வாக்களிக்க மூன்று வாரங்கள் இருந்தபோது, தூர்தர்ஷன் ‘தி கேரளா ஸ்டோரி’ திரைப்படத்தை ஒளிபரப்பியது. கேரளத்திலிருந்து 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டதாக முன்னோட்டத்தில் கூறி, பின்னர் அதைக் கைவிட்ட படம் அது. திரையரங்கில் ஓடுவது வேறு. மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் பொது ஒளிபரப்பு நிறுவனம் தேர்தல் நேரத்தில் அதை வீடுகளுக்குள் கொண்டு சேர்ப்பது வேறு.

எடை குறைப்பு என்ற பெயரில்

திரை இப்படி மாறிய அதே ஆண்டுகளில்தான் பாடநூலும் மாறியது. கொரோனாவுக்குப் பிறகு மாணவர்களின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 2022-இல் என்சிஇஆர்டி ஒரு நீக்கப் பட்டியலை வெளியிட்டது. அதன்படி பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து மொகலாய அரசவைகள் பற்றிய அத்தியாயம் போனது. 2002 குஜராத் கலவரம் பற்றிய பகுதிகள் போயின. பத்தாம் வகுப்பு மாணவர்கள் மக்கள் போராட்டங்களையும் இயக்கங்களையும் பற்றிப் படித்து வந்த பாடமும் போனது.

2023-இல் புதிய அச்சு வந்தபோது, பட்டியலில் அறிவிக்கப்படாத நீக்கங்களும் தெரிய வந்தன. இந்து – முஸ்லிம் ஒற்றுமைக்காகக் காந்தி நின்றது இந்துத் தீவிரவாதிகளை ஆத்திரப்படுத்தியது என்ற செய்தியும், அவர் கொலையைத் தொடர்ந்து ஆர்எஸ்எஸ் சில காலம் தடை செய்யப்பட்டது என்ற செய்தியும் இல்லாமல் போயின. அந்நூல்களின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் தங்கள் பெயர்களை நூல்களிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டனர். 2024-இல் பாபர் மசூதி தன் பெயரை இழந்து, மூன்று குவிமாடங்கள் கொண்ட கட்டுமானம் ஆயிற்று. 2025-இல் வந்த ஏழாம் வகுப்பு நூலில் டெல்லி சுல்தான்களும் மொகலாயரும் இல்லை. எட்டாம் வகுப்பு நூலில் அவர்கள் திரும்பி வந்தார்கள். பாபரின் கொடுமையும் கோயில் இடிப்புகளும் முன்னால் நிறுத்தப்பட்டிருந்தன.

எந்தப் பேரரசும் இரத்தம் சிந்தாமல் எழுந்ததில்லை. கொடுமைகளைச் சொல்ல வேண்டும்தான். ஆனால் எல்லா மன்னர்களின் கொடுமையையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். பேரரசின் நிலவரி முறை, நிர்வாகம், வணிகம், கைவினை, அதன் சுமையைத் தாங்கிய உழவர்கள் என எல்லாவற்றையும் விட்டுவிட்டு மன்னரின் மதத்தையும் வாளையும் மட்டும் மீதம் வைத்தால், பாடநூலுக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் வேறுபாடு இல்லை.

திருத்தம் வேறு, நீக்கம் வேறு

குமரி மாவட்டத்து வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு இது. திருவிதாங்கூரின் தெற்குப் பகுதியில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1822-இல் தொடங்கி நடத்திய தோள்சீலைப் போராட்டம், 1859-இல் மன்னரின் அறிவிப்பில் முடிந்தது. என்சிஇஆர்டியின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடையின் சமூக வரலாறு பற்றிய அத்தியாயம் இதைப் பேசியது. நாடார்கள் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்ற பொருள்பட அதில் இருந்த வரிக்கு 2012-இல் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. வழக்கும் தொடரப்பட்டது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. அந்த வரி திருத்தப்பட்டிருக்க வேண்டும்.

நடந்தது என்ன? 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ, அந்தப் பகுதியையே கைவிடும்படியும் அதிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்றும் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2019-இல் அந்த அத்தியாயம் முழுவதும் நூலிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு வரியின் பிழைக்காக ஒரு போராட்டமே வெளியேற்றப்பட்டது. அத்தோடு, மேலாடைக்கு வரம்பு விதித்த சாதி ஆதிக்கமும் விசாரணையிலிருந்து தப்பித்துக்கொண்டது. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் அப்போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழாவில் தமிழ்நாடு, கேரள முதல்வர்கள் இருவரும் பங்கேற்றார்கள். மேடையில் கொண்டாடப்பட்ட அந்த வரலாறு, அருகில் உள்ள சிபிஎஸ்இ பள்ளி மாணவரின் ஒன்பதாம் வகுப்பு நூலில் அப்போது இல்லை.

சிக்கலான வரலாற்றை நீக்காமல் அணுக முடியும் என்பதற்கு நம் இயக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. மலபார் எழுச்சியின் 25-ஆம் ஆண்டில், 1946-இல், இ.எம்.எஸ். அதன் அறைகூவலையும் எச்சரிக்கையையும் சேர்த்தே எழுதினார். ஜென்மிகளுக்கும் வெள்ளையருக்கும் எதிரான உழவர் எழுச்சி என்பதை உறுதிப்படுத்திய அவர், அதில் நேர்ந்த வகுப்புவாதத் திரிபுகளை மறைக்கவில்லை. சரக்கு வண்டியில் அடைக்கப்பட்டு மூச்சுத் திணறி இறந்த சுமார் 70 கைதிகளின் உடல்கள் 1921 நவம்பரில் நம் போத்தனூரில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. அவர்களைப் பற்றி விவாதிக்கலாம். விவாதிப்பதற்கு முதலில் அவர்கள் ஏட்டில் இருக்க வேண்டும்.

ஒரே ஊரில் இரண்டு வரலாறு

2023 ஆகஸ்டில் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு, நீக்கப்பட்ட பகுதிகளைக் கொண்ட துணைப் பாடநூல்களை 11, 12-ஆம் வகுப்புகளுக்கு வெளியிட்டது. வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல், சமூகவியல் ஆகிய பாடங்களில் அவை வந்தன. தேர்விலும் அவற்றிலிருந்து கேள்வி வரும் என்று அறிவிக்கப்பட்டது. கூட்டாட்சி அமைப்பில் ஒரு மாநிலம் செய்யக்கூடிய துணிவான, முறையான செயல் இது.

ஆனால் இதன் எல்லையையும் காண வேண்டும். கழக்கூட்டத்தில் மாநில அரசுப் பள்ளியும் உண்டு. சிபிஎஸ்இ பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளும் உண்டு. ஒன்றியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளியும் உண்டு. ஒரே தெருவில் வளரும் இரு மாணவர்களில் ஒருவருக்குக் காந்தி ஏன் கொல்லப்பட்டார் என்பது தேர்வுப் பாடம். மற்றவருக்கு அந்தக் காரணம் அச்சிலேயே இல்லை. அவருக்கு அந்த இடத்தை எது நிரப்பும்? மாலை நேரத் தொடரும், அதிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டுக் கைபேசிக்கு வரும் இரண்டு நிமிடக் காட்சியும்தான். பாடநூலில் விடப்பட்ட வெற்றிடம் வெற்றிடமாகவே இருப்பதில்லை. யாரிடம் பணமும் திரையும் இருக்கின்றனவோ அவர்கள் அதை நிரப்பிக்கொள்கிறார்கள். திரையும் பாடநூலும் தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல என்பது இதனால்தான்.

நமக்கும் பொருந்தும் அளவுகோல்

நம் அரசுகளின் பாடநூல்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்த வேண்டும். 2008-இல் கேரளத்தின் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் ‘மதமில்லாத ஜீவன்’ என்ற பாடம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. எதிர்த்தவர்களில் பலரது நோக்கம் அரசியல்தான். இருந்தும் அன்றைய இடது அரசு, வரலாற்றாசிரியர் கே.என்.பணிக்கர் தலைமையிலான குழுவிடம் நூலை ஒப்படைத்து, பரிந்துரைகளைப் பெற்றுத் திருத்தியது. 2025-இல் நான்காம் வகுப்பு ஆசிரியர் கையேட்டின் வரைவில், சுபாஷ் சந்திர போஸ் ஆங்கிலேயருக்கு அஞ்சி வெளியேறினார் என்ற தவறான வரி இருந்தது. அது சுட்டிக்காட்டப்பட்டதும் திருத்தப்பட்டது. பொறுப்பானவர்கள் மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. பிழை எங்கும் நேரும். அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, காரணம் சொல்லித் திருத்துகிறோமா என்பதே கேள்வி.

எனவே நம் கோரிக்கை ஒரு சார்புக்கு மாற்றாக இன்னொரு சார்பு என்பதல்ல. தொடர்களுக்குத் தடை என்பதுமல்ல. தடை என்ற ஆயுதம் நாளை ‘தமஸ்’ போன்ற படைப்புகள் மீதே திரும்பும். பாடநூலில் எந்தப் பகுதி நீக்கப்பட்டாலும், யார், என்ன காரணத்தால் நீக்கினார்கள் என்பது பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். வல்லுநர் குழுக்களின் பெயர்களும் பரிந்துரைகளும் வெளியிடப்பட வேண்டும். பொது ஒளிபரப்பு நிறுவனம் வரலாறு என்ற பெயரில் எதைக் காட்டினாலும், அதன் ஆதாரங்களையும் ஆலோசகர்களையும் அறிவிக்க வேண்டும். கல்வி மீண்டும் மாநிலப் பட்டியலுக்கு வர வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கேரளத்தின் கிராம நூலகங்களுக்கும் தமிழ்நாட்டின் அறிவொளி இயக்கத்துக்கும் வாசிப்பு வட்டங்களின் வளமான அனுபவம் உண்டு. நீக்கப்பட்ட பக்கங்களை அங்கே கூடி வாசிக்கலாம். மாணவர், ஆசிரியர் சங்கங்கள் வாரம் ஒரு தொடரின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அது சொன்னது என்ன, ஆதாரம் என்ன, சொல்லாமல் விட்டது யாரை என்று விவாதிக்கலாம். மன்னர்களும் பிரபுக்களும் மோதிய கதைகளில் உழவரையும் கூலிகளையும் பெண்களையும் தேடும் பழக்கம் ஒரு மாணவரிடம் வேரூன்றிவிட்டால், எந்தத் திரையாலும் அவரை எளிதில் ஏமாற்ற முடியாது.