இருட்டில் எடுத்த படத்தில் நாமெல்லாம் வேட்டைக்காரர்களா?



பொங்கோல் கடற்கரையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. படத்தில் இருப்பவர் என் மச்சான், என் வீட்டுக்காரியின் அண்ணன்.

படத்தில் பின்னால் ஜொகூர் பக்கத்து விளக்கு வெளிச்சம். முன்னால் கறுப்பாக ஓர் உருவம். கையில் நீளமாக ஏதோ, காலடியில் மொத்தையாக ஏதோ. அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: வெளிநாட்டு ஊழியர் ஒருவர் இருட்டில் வேட்டையாடுகிறார், நீர்நாய்களுக்கு ஆபத்து, ஆளைத் தெரிந்தவர்கள் புகார் கொடுங்கள். பேட்டைக்காரர்கள் இருக்கும் இணையக் குழு ஒன்றில் போட்டிருந்தார்கள். மதியத்துக்குள் நூற்றுக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். "ஊருக்கே அனுப்பிவிடுங்கள்" என்று ஒருவர். "இவர்களை எல்லாம் ஏன் உள்ளே விடுகிறார்கள்" என்று இன்னொருவர். எந்தப் புளோக் பக்கம் இந்த ஆளைப் பார்த்தேன் என்று எண்ணையே எழுதிவிட்டார் மூன்றாமவர்.

மச்சான் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தவர். தேசிய சேவை முடித்தவர். எந்த ஊருக்கு அனுப்புவார்களாம்?

கையில் இருந்த நீளமான பொருள் மீனைத் தூக்கும் கைவலையின் பிடி. காலடியில் இருந்தது பிளாஸ்டிக் வாளி. அதில் இரண்டு கெளுத்தி மீன். தடைப்பலகை இல்லாத இடம்தான். எட்டு மணி ஷிப்டுக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் தூண்டில் போட்டு உட்காருவது அவருக்கு இருபது வருடப் பழக்கம். சினிமாவுக்குப் போகாத, கடைக்குப் போகாத மனிதனுக்கு அது ஒன்றுதான் ஓய்வு. அந்தப் படத்தில் அப்பாவை முதலில் அடையாளம் கண்டது உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் அவர் மகள். காலில் இருந்த செருப்பை வைத்துக் கண்டுபிடித்தாள். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாள்.

படத்தை எடுங்கள் என்று கேட்டோம். "பெயர் போடவில்லையே, முகமும் தெரியவில்லையே, உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று பதில் வந்தது. முகம் தெரியாததுதானே பிரச்சினை! முகம் தெரிந்திருந்தால் தூண்டில்காரர் ஒருவர் கொட்டாவி விடுகிறார் என்றுதான் எல்லாரும் பார்த்திருப்பார்கள். மூன்று நாள் கழித்துப் படம் சத்தமில்லாமல் காணாமல் போனது. மன்னிப்பு என்ற சொல் வரவே இல்லை.

விடியுமுன் படம் எடுப்பது எப்படி நடக்கிறது என்பதை நம் மக்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கேமராவுக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு நொடி திறந்திருந்தாலே போதும், எதிரில் இருப்பவர் கையை அசைத்தால் அந்தக் கை கோடாக இழுபட்டுப் போகும். அதைத் தவிர்க்க ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் முழுக்க மணல் அள்ளிப் போட்டதுபோல் புள்ளி விழும். கைப்பேசியில் 'இரவு முறை' என்று ஒன்று இருக்கிறதே, அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது. புள்ளிகளை அழிக்கும்போது முகத்தின் நுணுக்கத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது. பின்னால் விளக்கு வெளிச்சம் இருந்தால் கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், முன்னால் நிற்பவர் வெறும் நிழலாகிவிடுவார். நிழல் கையில் குடை இருந்தாலும் ஈட்டி மாதிரிதான் தெரியும்.

அதிலும் நம் நிறம் இருக்கிறதே... குறைந்த வெளிச்சத்தில் முதலில் மறைவது கறுத்த தோல்தான். இதில் இயற்கையின் பங்கு பாதி. மீதி மனிதர்கள் செய்தது. கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகள் ஃபிலிம் கழுவும் கடைகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. 'ஷர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று அர்த்தம்! நம் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளையின் முகம் கரியாகவும் வேட்டி மட்டும் பளிச்சென்றும் இருப்பதை நினைத்துப் பாருங்கள். கறுப்பின மக்கள் குறை சொன்னபோது அசையாத அந்தத் தொழில், சாக்லெட் விளம்பரக்காரர்களும் மர நாற்காலி விற்பவர்களும் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று சொன்னபிறகே அசைந்தது என்பதைக் கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009ல் எழுதியிருக்கிறார்.

போலராய்டு கதை இன்னும் கசப்பானது. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு கறுப்பின மக்கள் கையில் திணித்த அடையாளப் புத்தகங்களுக்குப் படம் எடுக்க அந்த நிறுவனத்தின் கருவிகள் போயின. அதை எதிர்த்து 1970ல் அமெரிக்காவில் குரல் கொடுத்தவர்கள் அதே நிறுவனத்தில் வேலை பார்த்த இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள், கென் வில்லியம்ஸ், கேரொலைன் ஹன்டர். நிறுவனம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற 1977 ஆனது. கூகுள் தன் கைப்பேசியில் கறுத்த தோலைச் சரியாகக் காட்டுகிறோம் என்று அறிவித்ததே 2021ல்தான்.

ஆகவே விடியுமுன் எடுத்த படம் ஒன்றைக் காட்டி "பார், வேட்டைக்காரன்" என்று ஒருவர் சொன்னால், அவர் காட்டுவது தன் கேமராவின் குறையை. அது சாட்சி அல்ல.

நம்மை இப்படிப் படம் போடுவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1835ல் அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் காட்டில் சாலை அளந்துகொண்டிருந்தபோது புலி பாய்ந்தது. அதை ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிஹ் லாய்டமன் பிற்பாடு படமாக வரைந்தார். சம்பவம் நடந்தபோது அவர் ஐரோப்பாவில் சின்னப் பையன். படத்தில் கோல்மனுக்குப் பெயர் உண்டு. சுற்றிலும் விழுந்து சிதறுகிறார்களே, அவர்கள் இந்தியக் கைதிகள், அவர்களுக்குப் பெயர் இல்லை. 1825 ஏப்ரலில் வந்த முதல் தொகுதியிலேயே மதராஸிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். மிளகு, கேம்பியர் தோட்டங்களில் புலி ஆட்களைக் கொன்றபோது அதைச் சுடவும் இதே கைதிகளைத்தான் குழு குழுவாகக் காட்டுக்குள் அனுப்பினார்கள். எஜமானன் சொல்லி வேட்டையாடினால் 'சேவை'. வாளியும் தூண்டிலுமாகத் தானாக வந்து உட்கார்ந்தால் 'திருட்டு வேட்டை'.

இதே பொங்கோலில் ஒரு காலத்தில் விலங்குகளோடு வாழ்ந்து பெயர் வாங்கியவரே ஓர் இந்தியர்தான். வில்லியம் லாரன்ஸ் சோமா பாசப்பா. முதலில் சிராங்கூன் சாலையில் விலங்குகளை வைத்திருந்து, 1928 வாக்கில் பொங்கோலுக்குக் கொண்டுபோய் விலங்குத் தோட்டமே நடத்தினார். ஏப்பே என்று ஒரு புலி வளர்த்தார். 1942ல் ஜப்பானியர் வரப்போகிறார்கள் என்று பிரிட்டிஷ் படை அந்த நிலத்தைக் கேட்டது. விலங்குகளை அப்புறப்படுத்த அவருக்குக் கொடுத்த நேரம் 24 மணி. முடியவில்லை. ஆபத்தான விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள், மற்றவற்றைத் திறந்துவிட்டார்கள். மறு வருடம் பாசப்பாவும் இறந்துபோனார். பொங்கோல் மண்ணில் விலங்குகளைக் கொன்று குவித்தவர்கள் யார் என்று இந்த இணைய வீரர்கள் ஒருநாளாவது தேடிப் பார்த்திருப்பார்களா?

நாம் விலங்குகளுக்கு எதிரி அல்ல. கண்ணி வைத்துப் பறவை பிடிப்பவன் எந்த இனத்தவனானாலும் குற்றவாளிதான், நம்மவனானாலும் குற்றவாளிதான். 2020ல் வந்த வனவிலங்குச் சட்டம் அவனைக் கவனிக்கட்டும். விடியற்காலையில் பெரிய லென்ஸைத் தோளில் சுமந்து லோரோங் ஹாலுஸ் பக்கமும் கோனி தீவுப் பக்கமும் வந்து பொறுமையாகக் காத்திருக்கும் புகைப்படக்காரர்கள் பலர் நல்லவர்கள். மச்சானோடு காப்பி குடித்தவர்களும் உண்டு. ஆனால் அவர்களிலும் எல்லாரும் புனிதர்கள் இல்லையே. மீனுக்குள் ஸ்டைரோஃபோம் திணித்துக் கழுகுக்குப் போட்டுப் படம் எடுத்த ஒருவருக்கு 2017ல் இங்கே நீதிமன்றம் அபராதம் விதித்தது. அதற்காகக் கேமரா வைத்திருக்கும் எல்லாரையும் "ஊருக்கு அனுப்பு" என்று யாராவது சொன்னார்களா?

அவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பறவை கூடு கட்டியிருக்கும் இடத்தை வெளியில் சொல்லக் கூடாது. சொன்னால் கூட்டம் வரும், பறவை குஞ்சை விட்டுவிட்டு ஓடிவிடும் என்று. மிகச் சரியான வழக்கம். அந்தப் பறவைக்குக் கொடுத்த மரியாதையைக் கூட மூன்று பிள்ளை பெற்ற ஒரு மனிதனுக்குக் கொடுக்கவில்லையே! அவர் கூட்டின் புளோக் எண்ணை எழுதினார்களே!

இது பொங்கோலில் மட்டும் நடப்பதும் இல்லை. வட இந்தியாவில் உத்தராகண்ட் மாநிலத்தின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் புலியைக் கணக்கெடுக்க வைத்த தானியங்கிக் கேமராக்களில், விறகு பொறுக்கப் போன பெண்கள் சிக்கினார்கள். காட்டில் ஒதுங்கப் போன ஒரு பெண்ணின் படத்தைச் சிலர் ஊர்க் குழுக்களில் பரப்பினார்கள். அவள் ஆட்டிசம் உள்ளவள், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவள். ஊர் மக்கள் கோபத்தில் கேமராக்களை உடைத்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய் 2024ல் இதை வெளிக்கொண்டு வந்தார். யானை, புலி அண்டாமல் இருக்கப் பாடிக்கொண்டே போகும் பெண்கள் கேமராவுக்குப் பயந்து பாட்டை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். விலங்கைக் காப்பாற்ற வைத்த கருவி ஏழைப் பெண்ணின் வாயை அடைத்தது.

சரி, பொங்கோலுக்கே வருவோம். சிங்கப்பூரில் சூரியன் வருவது காலை ஏழு மணி வாக்கில்தான், வருடம் முழுக்க. துப்புரவு செய்கிறவர், பாதுகாவலர், பேருந்து ஓட்டுபவர், கட்டுமானத் தளத்துக்குப் போகிறவர் எல்லாரும் இருட்டில்தான் வெளியே நடக்கிறார்கள். இருட்டில் நிற்கும் கறுத்த மனிதன் சந்தேகத்துக்குரியவன் என்றால் இந்த நாட்டில் யார் வேலைக்குப் போவது?

அந்த நேரத்தில் சாலையில் இன்னொரு காட்சியும் உண்டு. லாரியின் பின்தட்டில் தொழிலாளர்கள் தலை தொங்கத் தூங்கிக்கொண்டு போகிறார்கள். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் அப்படிப் போன லாரி மோதி இருவர் இறந்தார்கள். 2023ல் நாற்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்து இதை நிறுத்தச் சொல்லிக் கேட்டன. உடனே தடை செய்தால் நிறுவனங்களுக்குச் சிரமம் என்று பதில் வந்தது. நீர்நாய்க் குட்டி எத்தனை என்று எண்ணி, 'பீஷான் குடும்பம்' என்று பெயர் வைத்துக் கொண்டாடும் ஊரில், அந்த லாரிமேல் எத்தனை பேர் என்று எத்தனை லென்ஸ் எண்ணியது? 2020 ஏப்ரலில் பொங்கோல் எஸ்11 விடுதியைத் தனிமைப்படுத்தி ஆயிரக்கணக்கானோரை உள்ளே அடைத்தார்களே, அந்த நாட்களில் விடுதிகளுக்குள் சாப்பாடு எப்படி, கழிப்பறை எப்படி என்று வெளியுலகம் பார்த்தது தொழிலாளர்கள் தங்கள் கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படங்களால்தான்.

பேட்டைக் குழு நடத்துபவர்களிடமும் விலங்குப் படக் குழு நடத்துபவர்களிடமும் நாம் கேட்பது அதிகமில்லை. சட்டமீறல் என்று சந்தேகம் வந்தால் தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், அவர்கள் வந்து பார்ப்பார்கள். படத்தை ஊருக்குக் காட்டித் தீர்ப்பு எழுதாதீர்கள். "வெளிநாட்டு ஊழியர்" என்று நிறத்தைப் பார்த்து எழுதாதீர்கள். வெளிநாட்டு ஊழியராகவே இருந்தாலும் அது குற்றமா?

நம் குடும்பங்களுக்கு: இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் முதலில் திரையைப் படம் பிடித்து வையுங்கள், தேதி, நேரம், கீழே வந்த கருத்துகள் எல்லாம் தெரியும்படி. அழித்துவிட்டால் நம் கையில் ஒன்றும் இருக்காது. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014ல் வந்தது. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி முதல் குற்றம். படமும் அதில் அடங்கும். 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2021 முதல் இதற்கென்றே தனி நீதிமன்றம் இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், இலவச சட்ட ஆலோசனை முகாம்கள் இருக்கின்றன. நாங்கள் இதெல்லாம் தெரியாமல் மூன்று நாளை அழுகையில் கழித்தோம்.

மச்சான் ஒரு மாதம் கடல் பக்கமே போகவில்லை. இப்போது மறுபடி போகிறார். ஆனால் வேலையிடத்தில் கொடுத்த மஞ்சள் ஒளிரும் சட்டையை மாட்டிக்கொண்டு போகிறார், தூரத்திலிருந்து பார்த்தாலே ஆள் தெரியட்டும் என்று. "மீன் பிடிக்க எதுக்கு மாமா யூனிஃபார்ம், கழட்டிப் போடுங்க" என்று என் பையன் சொன்னான். அவர் கழட்டவில்லை.