ஈயக் குண்டு வீட்டில் எதற்கு?

"காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி" என்று சொல்வோம் இல்லையா? ஈயத்தைக் காய்ச்சாமலேயே துப்பாக்கிக் குண்டு செய்யவும் ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பெயர் ஸ்வேஜிங். முறுக்கு பிழிகிற மாதிரி ஈயத்தைக் கம்பியாகப் பிழிந்து, துண்டு போட்டு, எஃகு அச்சில் வைத்து அழுத்துவார்கள். ஈயம் மெத்தென்ற உலோகம், குளிர்ந்த நிலையிலேயே வளைந்து கொடுக்கும்.

அமெரிக்காவில் இது ஒரு பொழுதுபோக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. 1943ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹன்டிங்டன் இதற்கான அச்சுகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். இன்றும் இருக்கும் ஆர்.சி.பி.எஸ். கம்பெனியின் பெயரில் கடைசி எழுத்தான எஸ், 'ஸ்வேஜ்' என்பதைத்தான் குறிக்கிறது!

புதிதாகக் கற்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்புகள் சில உண்டு. ஆன்டிமனி கலந்த கெட்டி ஈயத்தை வைத்து அழுத்தினால் அச்சு விரிசல் விடும். எண்ணெய் அதிகமானால் குண்டில் சொட்டை விழும். துண்டுகளின் எடை மாறினால் குறி தவறும். இதெல்லாம் காசோடு போகிற நஷ்டம். கண்ணுக்குத் தெரியாத தப்பு ஒன்று இருக்கிறது: 'புகையே இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை' என்று நினைப்பது. கையிலும் சட்டையிலும் ஒட்டிய ஈயம் சாப்பாட்டில் கலக்கும், குழந்தைகளிடம் போகும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். (பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் பார்த்து பயப்பட வேண்டாம். அது வெள்ளீயம். குண்டு செய்வது காரீயத்தில்.)

சரி, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இதில் என்ன சம்பந்தம்? மக்காச்சோளம் போட்டவர்களைக் கேளுங்கள். ராத்திரியில் காட்டுப்பன்றி புகுந்தால் விடியும்போது மிஞ்சுவது வெறும் தட்டைதான். கடன் வாங்கிப் போட்ட வெள்ளாமை. அந்த வயிற்றெரிச்சலில் அவுட்டுக்காயையும் நாட்டுத் துப்பாக்கியையும் தேடத் தோன்றுகிறது. நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டா தேவையில்லை. மருந்தையும் ஈய ரவையையும் குழாயிலேயே இடிப்பார்கள். அதனால் 'நாமே செய்துகொண்டால் என்ன?' என்ற எண்ணமும் சுலபமாக வந்துவிடுகிறது.

சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டாவோ குண்டோ தயாரிப்பது குற்றம். அதே சட்டம், பயிர்க் காவலுக்காக மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரவும் வழி வைத்திருக்கிறது. ஆனால் அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு வேட்டையாட முடியாது. அங்கே 1972ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும்.

இந்தச் சட்டங்களின் சுமை அதிகம் விழுந்தது நரிக்குறவர்கள் மேல்தான். பெரம்பலூர் பக்கம் எறையூரிலும் மலையப்ப நகரிலும் அவர்கள் குடியிருப்புகள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் கைவந்த வேட்டைத் தொழில் ஒரே சட்டத்தில் குற்றமாகிவிட்டது. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியதோ 2022 டிசம்பரில்தான். தொழிலைப் பறித்து ஐம்பது வருஷம் கழித்து! காட்டைக் காப்பாற்றியது சரி. அந்த மனிதர்களுக்கு மாற்று வழி காட்ட இத்தனை காலம் ஆனது சரியில்லை.

இன்னொரு பக்கம் கரைவெட்டி ஏரி. அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் இந்தப் பறவைகள் சரணாலயம் 2024ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி இங்கே வருகின்றன. வாத்துகளுக்கு இரை அரைக்கப் பொடிக்கல் வேண்டும். மண்ணில் கிடக்கும் ஈய ரவையைக் கல் என்று நினைத்து விழுங்கினால், அதுவும் வயிற்றில் அரைபட்டு ரத்தத்தில் கலந்து கொல்லும். கலிஃபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீர்நிலைகளின் அருகே ஈய ரவைக்கான தடை 2023ல் அமலுக்கு வந்தது.

என்னைக் கேட்டால், விவசாயியைக் குண்டு செய்யும் நிலைக்குத் தள்ளாமல் இருப்பதுதான் முதல் வேலை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அறிவிப்பு நல்லதுதான். ஆனால் பன்றி மனு போட்ட தேதிக்கு வராது! தகவல் சொன்ன அன்றே ஆள் வர வேண்டும், நஷ்ட ஈடு அடுத்த விதைப்புக்குள் கைக்கு வர வேண்டும், ஏரி பக்கம் ஈயம் இல்லாத குண்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

குண்டு எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் தவறில்லை, அது அறிவு. அந்த ஈயத்தை நம் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டு வருவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?