ஆற்றுப்படுத்துவோர் அறிய வேண்டிய வழி

பள்ளிகளில் மாணாக்கரின் மனக்குறை கேட்டு வழிகாட்டும் பணியினருக்கு ஆற்றுப்படுத்துநர் என்னும் பெயர் தமிழில் வழங்கி வருகிறது. தமிழ் பயிற்றுவிக்கும் நமக்கு இப்பெயர் மிகவும் உவப்பானது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் காட்டுவதே ஆற்றுப்படை. வழி சொல்பவன் அவ்வழியில் தானே நடந்து வந்தவன் என்பது இங்குக் கருதத்தக்கது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையை நோக்குவோம். காஞ்சிக்குச் செல்லும் நெடுவழியில் எயினர், கோவலர், உழவர், வலைஞர், அந்தணர் எனப் பலதிறத்து மக்கள் வாழ்கின்றனர். ஒவ்வொரு குடியிருப்பிலும் எவ்வகை உணவு கிடைக்கும், அம்மக்களின் மனை எவ்வாறு இருக்கும் என்றெல்லாம் பாணன் எடுத்துரைக்கிறான். எயினர் தரும் புல்லரிசிச் சோற்றையோ வலைஞர் தரும் மீனையோ அவன் இழித்துரைக்கவில்லை. அவர்கள் அவ்வாறு வாழ்கின்றனர், நீ சென்றால் இன்முகத்தோடு அளிப்பர் என்பதே அவன் கூற்று.

இன்று ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு இத்தகைய வழியறிவு வாய்த்துள்ளதா? முன்னர் ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு 2015இல் ஈராண்டு ஆயிற்று. அனைவரையும் உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல் பற்றியும், பாலினம், பள்ளி, சமுதாயம் பற்றியும் தனித்தாள்கள் அதில் இடம்பெற்றன. பள்ளிக்குச் சென்று பயிலும் காலம் இருபது வாரங்களாக வகுக்கப்பட்டது. ஏட்டளவில் இதனை நாம் குறைகூற மாட்டோம். ஆயின் நடைமுறையில், பயிற்சி மாணவர் தம் வீட்டுக்கு அண்மையிலுள்ள பள்ளியையே நாடுகிறார். பேருந்துச் செலவை எண்ணினால் அவரைப் பழிப்பதற்கும் இல்லை. தம் தெருப் பிள்ளைகளையொத்த பிள்ளைகளுக்கே பாடம் நடத்திவிட்டுச் சான்றிதழ் பெறுகிறார். பின்னர்ப் பணியாணை வரும்போது அது சவ்வாது மலைக்கு வரலாம். உருது பேசும் வாணியம்பாடித் தெருவுக்கு வரலாம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோரின் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் திருப்பூர் வகுப்பறைக்கும் வரலாம். ஐந்து குடிகளின் வழியில் ஒரு குடியை மட்டும் அறிந்தவர் அங்கே யாரை எங்ஙனம் ஆற்றுப்படுத்துவார்?

இது வெறும் வசதிக்குறை அன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒடுக்கப்பட்ட சமுதாயத்து மாணவன் ஒருவன், உடன் பயின்ற மாணவர்களாலேயே தன் வீட்டில் வைத்து அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அதன்பின் தமிழக அரசு நீதிபதி கே. சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக அமர்த்தியது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை, சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வதோடு நில்லாமல், ஆசிரியர் பயிற்சியின் பாடத்திட்டத்தையும் திருத்தக் கோரியது. கயிறு குறித்து ஊரெல்லாம் வாதிட்டனர். பாடத்திட்டம் குறித்துப் பேசியோர் சிலரே. கயிற்றை ஒரே நாளில் அறுத்துவிடலாம். அதனைக் கட்டிவரும் பிள்ளையிடம் அமர்ந்து பேச ஓர் ஆசிரியரை ஆயத்தப்படுத்துவதோ நெடுநாள் வேலை, அதனாற்றான் போலும்!

நம் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். ஐந்தாம் வகுப்பில் வீட்டு விருந்து பற்றிக் கட்டுரை எழுதுகையில், நாம் ‘ஆணம்’ என்று எழுதினோம். எம் வீடுகளில் குழம்புக்கு அதுவே பெயர். ஆசிரியர் சிவப்பு மையால் அதனைச் சுழித்து, உரக்கப் படித்தும் காட்டினார். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவர் தீயவர் அல்லர். எமக்கு யாப்பில் ஈடுபாடு வரக் காரணமானவரும் அவரே. ஆயினும் அதன்பின் நெடுங்காலம் வீட்டுச் சொல் எதனையும் ஏட்டில் எழுத நாம் துணியவில்லை. பல்லாண்டு கழித்து அகராதியைப் புரட்டுகையில், ஆணம் குழம்பைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் என்று கண்டோம். அவ்வாசிரியர்க்குப் பயிற்சிக் கல்லூரியில் எவரேனும் ஒருநாள், பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழைக் கேட்டு வாருங்கள் என்று பணித்திருந்தால் போதுமாயிருந்தது.

ஆற்றுப்படுத்துநர் நிலை இன்னும் நுட்பமானது. படிப்பில் பின்தங்கிய முஸ்லிம் மாணவி ஒருத்தி முன்னே வந்து அமர்ந்தவுடன், “வீட்டில் படிக்க விடமாட்டார்களா? திருமணம் பேசுகிறார்களா?” என்று தொடங்குவோர் உளர். நல்லெண்ணத்தில் கேட்கும் வினாவே அது. சில வீடுகளில் அது மெய்யும்கூட. நம்மவர் அதனை மறுத்துப் பயனில்லை. எனினும் அவளுக்குக் கணக்கில் அச்சமாக இருக்கலாம், கரும்பலகை தெரியாதிருக்கலாம். வினா முந்திக்கொண்டமையால் விடை வாயடைத்துப் போகிறது. அவள் தன் வீட்டைக் காக்கும் பொருட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்துவிடுகிறாள்.

பிறரை மட்டும் குறைகூறி அமைவது நமக்கு அழகன்று. நம் சமுதாயத்தார் நடத்தும் கல்விக்கூடங்களிலும் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். அவர்தம் வீட்டு வழக்கங்களை நம் ஆசிரியர்கள் எவ்வளவு அறிவர்? நோன்புக் கஞ்சியை அனைவருக்கும் பகிர்வதில் மகிழ்கிறோம், நன்று. மாலையணிந்து விரதமிருக்கும் மாணவன் ஏன் சோர்ந்திருக்கிறான் என்று வினவியதுண்டா? பெரியோர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும் என வேண்டுகிறோம்.

நம் கருத்து இதுவே: இருபது வாரங்களுள் நான்கு வாரங்களேனும் பயிற்சி மாணவர் தம் மொழியோ சமயமோ சாதியோ அல்லாத மக்கள் வாழும் பகுதிப் பள்ளியில் பயில வேண்டும், பயணச் செலவை அரசு ஏற்க வேண்டும். அங்கே பாடம் நடத்துவதினும் பெற்றோர் இல்லங்களுக்குச் சென்று வருதல் முதன்மையாகட்டும்.

தமிழ்த்துறை அளவில் நாம் சிறிது முயன்று பார்த்தோம். சென்ற ஆண்டு முதலாண்டு மாணவர்களிடம், வீட்டில் மட்டும் வழங்கும் பத்துச் சொற்களை எழுதித் தருமாறு கேட்டோம். குழம்புக்கு மட்டும் ஆணம், சாறு, கறி, கூட்டான் என நான்கு பெயர்கள் வந்தன. மலையூரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் வெற்றுத்தாளைத் தந்தான். ஏன் என்றோம். “எழுதினா சிரிப்பாங்க சார்” என்றான். இவ்வாண்டு அவனிடம் மீண்டும் கேட்கவுள்ளோம்.