தவளை கூப்பிட்ட தேதி

சென்ற மாதம் ஓர் இரவு, வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு விளம்பரத்துக்குக் குரல் பதிவு செய்துகொண்டிருந்தேன். முப்பதே விநாடி விளம்பரம். ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு (வானொலி அறிவிப்பாளரின் கவர்ச்சியான வாழ்க்கை இதுதான்!) நான்கு முறை பேசினேன். நான்கிலும் பின்னணியில் மாடு கத்துவதுபோல ஒரு சத்தம். எங்கள் தாமானில் மாடே கிடையாது. மாலையில் கொட்டிய மழையில் நிரம்பிய லோங்காங்கில் மிதந்தபடி தவளைகள் ஜோடி தேடிக்கொண்டிருந்தன.

"தவளை தன் வாயால கெடும்பாங்க. இன்னிக்கு உன் வாயையும் சேர்த்துக் கெடுத்துடுச்சா?" என்று அம்மா சிரித்தார்.

வேலை ஓடவில்லை, தூக்கமும் வரவில்லை. கைப்பேசியில் தவளைச் சத்தத்தைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியவள், நள்ளிரவில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள இத்தாக்கா என்ற ஊரில் போய் நின்றேன்.

அங்குள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஹேசன் ரைட் என்ற விலங்கியல் ஆய்வாளர் இருந்தார். இத்தாக்கா தவளைகளைப் பற்றி அவர் 1914இல் ஒரு நூல் வெளியிட்டார். 1900 முதல் 1912 வரை அந்த வட்டாரத்தில் எந்தத் தவளை எந்தத் தேதியில் முதன்முதலாகக் குரல் கொடுத்தது என்ற விவரம் அதில் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவி எதுவும் இல்லை. காதும் பென்சிலும்தான்.

ஏறக்குறைய 90 ஆண்டுகள் கழித்து, ஜேம்ஸ் கிப்ஸ், ஆல்வின் பிரைஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தத் தேதிகளைத் தூசு தட்டி எடுத்தார்கள். 1990 முதல் 1999 வரை தன்னார்வலர்கள் அதே வட்டாரத்தில் கேட்டுக் குறித்த தேதிகளோடு ஒப்பிட்டார்கள். ஆறு இனங்களில் நான்கு, 10 முதல் 13 நாள்கள் முன்னதாகவே கூப்பிட ஆரம்பித்திருந்தன. இரண்டு இனங்கள் பழைய தேதியிலேயே நின்றன. தாமதமானது ஒன்றுகூட இல்லை. அந்தத் தவளைகளின் உடலில் முட்டையும் விந்தணுவும் உருவாகும் எட்டு மாதங்களில், ஐந்து மாதங்களின் வெப்பநிலை அந்த நூற்றாண்டில் 1 முதல் 2.3 டிகிரி செல்சியஸ் வரை கூடியிருந்தது.

பத்து நாள்தானே, முந்திக்கொண்டால் நல்லதுதானே என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

தேதி மாறிய அந்த நான்கில் ஒன்று, ஒரு காட்டுத் தவளை. குரல் வாத்துக் கூட்டம் கத்துவதுபோல் இருக்கும். பனிக்காலத்தில் இது உதிர்ந்த இலைகளுக்கு அடியில் உறைந்தே போய்விடும். இதயம் நின்றுவிடும், மூச்சும் இருக்காது, கையில் எடுத்தால் கல். உடலில் ஊறும் குளுக்கோஸ்தான் செல்கள் சிதையாமல் காக்கிறது. வெயில் வந்ததும் உருகி, எழுந்து, பனி கரைந்து தேங்கிய குட்டைகளுக்கு ஓடும். கோடையில் வற்றிவிடும் குட்டை என்பதால் அதில் மீன் இருக்காது, முட்டைக்குப் பாதுகாப்பு. ஆனால் தண்ணீர் வற்றுவதற்குள் தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்தாக வேண்டும். ஒரு பக்கம் பனி, மறுபக்கம் வறட்சி. நடுவில் இருக்கும் சில வாரங்கள்தான் அதன் மொத்த வாய்ப்பு. முன்கூட்டி வந்த வெப்பத்தை நம்பி முட்டையிட்ட பிறகு மறுபடியும் உறைபனி விழுந்தால், தண்ணீரின் மேல்மட்டத்தில் இருக்கும் முட்டைகள் உறைந்துபோகலாம்.

அதைவிடச் சிக்கலானது, எல்லா உயிர்களும் ஒரே அளவில் நகராமல் இருப்பது. இங்கிலாந்தின் தென்பகுதியில் டிரெவர் பீபி என்பவர் 1978 முதல் 1994 வரை குளங்களைக் கவனித்து எழுதினார். நியூட் என்றொரு பிராணி, பல்லிக்கும் தவளைக்கும் நடுவில் ஏதோ ஒன்று மாதிரி வாலோடு இருக்கும். அது முன்பைவிட 5 முதல் 7 வாரங்கள் முன்னதாகவே குளத்துக்கு வர ஆரம்பித்துவிட்டது. அங்குள்ள சாதாரணத் தவளையோ தன் தேதியைப் பெரிதாக மாற்றவில்லை. முன்பெல்லாம் நியூட் வந்து சேர்வதற்குள் தவளைக் குஞ்சுகள் ஓரளவு வளர்ந்திருக்கும். இப்போது முட்டையும் தலைப்பிரட்டையுமாக இருக்கும்போதே சாப்பிட ஆள் வந்துவிடுகிறது. எங்கள் நிலையத்தில் பாட்டு நிகழ்ச்சி முன்னதாகத் தொடங்கி, செய்தி மட்டும் பழைய நேரத்துக்கே வந்தால் ஒலிபரப்பு எப்படிக் குளறுமோ, அப்படித்தான். எங்களுக்கு நாலு புகார் அழைப்பு வரும், அவ்வளவுதான். அங்கே ஒரு தலைமுறையே போகும்.

தென் கரோலினாவில் ஒரே ஈரநிலத்தை 30 ஆண்டுகள் கவனித்தவர்கள், பத்து இனங்களில் நான்கு தேதி மாறிவிட்டதைக் கண்டார்கள். குளிர்காலத்தில் வரும் இரண்டு இனங்கள் முந்தின. இலையுதிர்காலத்தில் வரும் இரண்டு பிந்தின. ஓர் இனத்தின் தேதி 76 நாள்கள் நகர்ந்திருந்தது. இரண்டரை மாதம்!

நம் ஊருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இங்கே பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. லோங்காங் தவளைக்குக் கடிகாரம் மழைதான். மழை கொட்டியதும் கூப்பிடும், தேங்கிய நீரில் முட்டையிடும், குஞ்சுகள் அவசர அவசரமாக வளரும். ஆனால் கடிகாரம் வேறு என்பதால் அது பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. எல் நினோ வந்தால் வாரக்கணக்கில் காய்கிறது. ஒரே ஒரு பெருமழையை நம்பி முட்டையிட்ட பிறகு வானம் வெளுத்துவிட்டால் குட்டை காய்ந்துபோகும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். தோட்டத்தில் வளர்ந்தவர். "லோரி போன பள்ளத்துல தண்ணி நிக்கும். கறுப்பா நெளியும். ரெண்டு நாள் வெயில் அடிச்சா அப்படியே ஒட்டிக் கெடக்கும். நாங்க பால் வாளியில அள்ளி ஆத்துல விடுவோம்" என்றார். எந்த மாதத்தில் என்று கேட்டேன். "அதையெல்லாம் யாரு எழுதி வெச்சா?" என்றார்.

விளம்பரத்தை மறுநாள் நிலையத்தில் பேசிக் கொடுத்துவிட்டேன். தவளை கலந்த பதிவை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. அடுக்களை நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி, 'த' என்று எழுதி வைத்தேன்.

"என்னம்மா இது, காருக்குத் தவணை கட்டுற நாளா?" என்று அம்மா கேட்டார்.

விளக்கிச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாள்காட்டியில் இன்னும் இரண்டு 'த' விழுந்திருக்கிறது. நான் இரவு நிகழ்ச்சிக்குப் போயிருந்த நாளில் விழுந்தது, அம்மாவின் கையெழுத்து.