துப்பாக்கியால சுட முடியாத எதிரி

"ஜனங்க ஊரை விட்டே ஓடின இடத்துல சுட்டு விளையாடுறதா? இதெல்லாம் ஒரு பொழப்பா?"ன்னு கேக்குற கோஷ்டி ஒண்ணு இருக்கு. ‘ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்’னு பேரைச் சொன்னாலே போதும், கிளம்பிடுவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆடிப் பார்த்துட்டுக் கேக்குறவர் யாரையும் காணோம்.

2007-ல வந்த ஆட்டம், நான் இப்பதான் தொட்டிருக்கேன். முதல் ஏரியாவே இன்னும் முடியல. அதுக்குள்ளயே சொல்றேன், அந்த ஊருக்கு இதைவிட மரியாதை செஞ்ச ஷூட்டர் எதையும் நான் பார்த்ததில்ல.

செர்னோபில்ல 1986 ஏப்ரல் 26 அதிகாலை நாலாம் உலை வெடிச்சுது. பக்கத்துல இருந்த பிரிப்யாத் நகரத்துல சுமார் 49,000 பேர். அவங்களை பஸ்ஸுல ஏத்தினது மறுநாள் மதியம்தான். அதுவரைக்கும் புள்ளைங்க தெருவுல விளையாடிட்டு இருந்துச்சுங்க. கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாதே! அந்தப் பேரழிவோட கொடூரமே அதுதான்.

ஆட்டத்துல இதை எப்படிக் காட்டுறாங்க? புல்வெளி, துருப்பிடிச்ச வண்டி, தூரத்துல நாய் குரைக்குது. ஆபத்து எதுவும் தெரியல. ரெண்டடி வச்சதும் கருவி ‘கிர்ர் கிர்ர்’னு கத்துது. கையில துப்பாக்கி இருந்து என்ன பிரயோஜனம்? சில இடத்துல காத்தே ஆளைப் பிச்சுப் போட்டுடும். முன்னாடி ஒரு போல்ட்டைத் தூக்கிப் போட்டுப் பார்த்துட்டுத்தான் காலை வைக்கணும். அடிபட்டா ரத்தம் ஒழுகும், கட்டுப் போடணும். பசிக்கும். துப்பாக்கி தேய்ஞ்சு நடுவுல சிக்கிக்கும்.

அதே 2007-ல வந்த ‘கால் ஆஃப் டூட்டி 4’-ஐ எடுத்துக்கோங்க. அதுலயும் பிரிப்யாத் வருது. அங்கயும் கதிர்வீச்சு உண்டு, ஆனா வழி காட்ட ஒரு கேப்டன் கூடவே வர்றார். குண்டடி பட்டா செவுத்துக்குப் பின்னாடி கொஞ்ச நேரம் பதுங்கினா போதும், உடம்பு தானா சரியாயிடும். ஊரு அங்க வெறும் செட்டு. அதை ஆடுறப்ப மட்டும் இந்த அறச்சீற்றம் எங்க போச்சு சாமி?

இன்னொண்ணு. ஸ்டாக்கரை உருவாக்கின ஜி.எஸ்.சி. கேம் வேர்ல்ட், கீவ் நகரத்துல பொறந்த கம்பெனி. செர்னோபில் அங்கேர்ந்து சுமார் 100 கிலோமீட்டர். அது அவங்க வீட்டு இழவு. அதுக்கு எப்படி அழணும்னு நாம போய் கிளாஸ் எடுக்கணுமா?

குறையே இல்லையான்னா, இருக்கு. வோட்கா அடிச்சா கதிர்வீச்சு இறங்குமாம், சுத்த உடான்ஸ்! ஆரம்பத்துல தர்ற பிஸ்டல், குறி வச்ச இடத்தைத் தவிர எல்லா இடத்துலயும் சுடுது.

ஆனாலும், டாக்குமெண்டரில பார்த்தப்ப எனக்கு செர்னோபில்ங்கிறது ஒரு தகவல், அவ்வளவுதான். இங்க சும்மா கிடக்குற ஒரு புல்தரையைத் தாண்ட அஞ்சு நிமிஷம் தயங்கி நின்னேன். "விளையாட்டுதானே"ன்னு உதட்டைப் பிதுக்குற புண்ணியவான்கள், அதைத் தாண்டி வந்துட்டுப் பேசுங்க.